இறுக மூடிய டப்பா

பூட்டு ரிப்பேர்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் இழுத்துப்பாரு. கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார். திரும்பி வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். பூட்டை மட்டுமா? பால், தராசு, பஸ் டிக்கெட் எதையும் அந்த மனுஷன் அப்படியே நம்பியதில்லை. இத்தனை வருஷமாக அவரோடு குப்பை கொட்டும் மனைவி, தையல்காரி, அதைக் கண்டுகொள்வதே இல்லை.

அந்த மழையில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் நெஞ்சுச்சளி கட்டிக் காய்ச்சல் அடித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். நுரையீரல் தொற்றுக்குப் பழைய ஆன்டிபயாடிக் ஒன்று, புதியது ஒன்று. எது கேட்கிறது, எது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். மாத்திரைகள் பார்வைக்கு ஒரே மாதிரி. யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. இருவரும் சம்மதித்தார்கள்.

"குடுக்கிறவங்களுக்கே தெரியாதாம். யாரு காதுல பூ சுத்துறாங்க?" என்றார் இழுத்துப்பாரு, வழியெல்லாம்.

"சம்மதம்னு சொல்லியாச்சு, சும்மா வாங்க," என்றாள் அவள்.

அவருக்கு இருமல் சட்டென்று இறங்கியது. அவளுக்கு இறங்கவில்லை. போதாதா? நல்ல மருந்தைத் தனக்குக் கொடுத்து அவளை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவருக்கு வயிறு எரிந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பொய்தான் சொல்வார்கள் என்பது அவர் கட்சி. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் டப்பாவில் தன் மாத்திரைகளையும் தன் டப்பாவில் அவளுடையவற்றையும் மாற்றிக் கொட்டி மூடினார். தான் திருடன் அயலாரை நம்பான் என்பார்களே, அன்று முழுக்க அவள் தன்னையே பார்ப்பதாக அவருக்குப் பட்டது.

மறுநாள் அவள் உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்பு; தொண்டை அடைத்தது. வண்டி பிடித்து ஓடினார்.

முதல் ஊசியில் வீக்கம் அமுங்கியது. ஆனால் சளி நெஞ்சிலேயே இருந்தது. வேறு ஆன்டிபயாடிக் ஏற்றியாக வேண்டும். ஆகாத வகையையே மறுபடி ஏற்றினால் உயிருக்கு ஆபத்து. டாக்டரம்மா உறையைப் பிரித்தார்.

"இவங்களுக்குக் குடுத்தது பழசு. அப்போ புது வகையிலயே ஊசி போட்டுடலாம்," என்றார் நர்ஸிடம்.

இழுத்துப்பாரு கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றார். "வேண்டாம்மா. அவ முழுங்கினது என்னோடது. நான்தான் மாத்திக் கொட்டினேன். இவளுக்குக் குணமாகட்டும்னுதான்..."

அவருடைய உறையையும் பிரித்தார்கள். புதிய மருந்து. நர்ஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

கட்டிலில் இருந்து கம்மிய குரல் வந்தது. "நான் அன்னைக்கே திருப்பிக் கொட்டிட்டேன். மாறினது ஒண்ணுகூட முழுங்கல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம வீட்டுல டப்பாவைப் பூட்டு மாதிரி இறுக்குறது வேற யாரு? பல்லால கடிச்சுத் திறந்தேன். நான் உடைச்சு வச்ச பாதி மாத்திரையக் காணோம். பாத்தா உங்க டப்பாவுல கிடக்குது. உங்களுக்குக் கேக்குற மருந்தை நீங்க சாப்பிடட்டும்னு மாத்திட்டேன்."

டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு பேருமே என்கிட்ட மறைச்சிருக்கீங்க. உங்களை இனி ஆய்வுல வச்சுக்க முடியாது. அது போகட்டும். இப்போ நான் எந்த ஊசியைப் போடுறது? ஐயா, நீங்க சொல்லுங்க. இவங்க பேச்சை நம்பலாமா?"

போயும் போயும் அவரிடம் இந்தக் கேள்வி. புருஷன் மானத்தைக் காப்பாற்றத்தான் இப்படிச் சொல்கிறாளோ? செய்யக்கூடியவள்தான். அவர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"நம்பலாம்," என்றார்.

புது மருந்தே ஏறியது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் உதட்டுக்கு நேராகக் குனிந்து உட்கார்ந்துகொண்டார். டாக்டரம்மா போனார், நர்ஸ் போனாள், அவர் நிமிரவில்லை.

"நம்பலாம்னு சொல்லிட்டு இன்னும் இழுத்துப் பாக்குறீங்க," என்றாள் அவள்.

"பேசாதே. உதடு அசைஞ்சா வீங்குதான்னு தெரியல," என்றார்.