எங்கள் ஒழுங்கைக்குக் குழாய் வந்த கதை

போன கிழமை எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு பெக்கோ இயந்திரம் வந்தது. ஒழுங்கையின் அகலமும் அதன் அகலமும் ஏறக்குறைய ஒன்று. மதில்களில் உரசாமல் அதை உள்ளே எடுப்பதற்குச் சாரதி பட்ட பாட்டை, வீட்டுக்கு வீடு வாசலில் நின்று எல்லோரும் பார்த்தோம். ஆளுக்கொரு பக்கம் நின்று கையைக் காட்டி வழி சொன்னவர்களால்தான் அவருக்கு அதிகக் கஷ்டம்.

தோண்டத் தொடங்கியதும் கறுப்புச் சேறு மேலே வந்தது. நாற்றம் என்றால் சும்மா நாற்றமல்ல. ஆனால் ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. வேலையாட்களுக்கு ஒரு வீட்டில் இருந்து பிளேன்டீ, இன்னொரு வீட்டில் இருந்து வாழைப்பழம், என் வீட்டில் இருந்து வட்டிலப்பம்... அவர்கள் வேலைக்கு வந்தார்களா, விருந்துக்கு வந்தார்களா?

மலசலகூடக் கழிவு போகிற குழாய்க்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்பீர்கள். கேளுங்கள். இந்த வாரம் எனக்கு நன்றி சொல்வதைத் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லை.

கல்முனைக்குக் கிட்ட, கடலைப் பார்த்துக்கொண்டு நீண்டு கிடப்பது எங்கள் ஒழுங்கை. அதன் அந்தத்தில் தோணா. தோணா என்றால் எங்கள் ஆறு. மாரி மழைக்கு வாய் திறந்து கடலோடு சேரும். மற்ற மாதங்களில் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிட, அசையாமல் கிடக்கும். ஓடாத ஆற்றுக்குள் ஊரின் வடிகான்கள் எல்லாம் ஓடுகின்றன.

வடிகானுக்குள் என்ன போகிறது என்று நான் சொல்ல வேண்டுமா? மணல் நிலம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். மலசலகூடக் குழிகள் மாரியில் நிரம்பி வழியும். ஒவ்வொரு முறையும் கழிவை உறிஞ்சி எடுக்கிற பவுசரைக் கூப்பிட யாருக்கு இயலும்? குழியில் இருந்து வடிகானுக்கு ஒரு சிறிய குழாய் — யாரும் பார்க்காத நேரத்தில். எல்லா வீட்டிலும் இருந்தது. ஒருவருக்கும் தெரியாது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நாற்றத்தோடு வாழ நாங்கள் பழகிக்கொண்டோம். அதற்கு ஒரு முறையும் வைத்திருந்தோம். காலையில் காற்று கரையில் இருந்து கடலுக்குப் போகும். தோணாவின் வாடையும் அதோடு போய்விடும். மதியத்துக்குப் பிறகு கடற்காற்று திரும்பும்... வாடையும் திரும்பி வீட்டுக்குள் வரும். ஆகையால் எங்கள் ஒழுங்கையில் விருந்தாளியைக் கூப்பிட்டால் காலையில்தான் கூப்பிடுவோம். பெண் பார்க்க வருகிறவர்களைக் கட்டாயம் காலையில்.

ஒழுங்கையின் கடைசி வீடு ஜெமீலா ராத்தாவுடையது. கணவர் கட்டாரில் சாரதி. அவர் ஒவ்வொரு முறை விடுமுறையில் வந்து போகும்போதும் அந்த வீடு கொஞ்சம் வளரும். ஒரு முறை சுவர். ஒரு முறை ஓடு. ஒரு முறை மாபிள் பதித்த முன்மண்டபம். எல்லாம் மகள் ஷிபானாவுக்காக. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடி வருவார். வீடு கட்டாமல் பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசவும் முடியாது. கட்டிய வீட்டைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகவும் முடியாது.

இந்த முறை சம்மாந்துறையில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நெல் செய்கிற குடும்பம். பையன் ஆசிரியர். ஷிபானாவுக்கும் பிடித்திருந்தது. அதை அவள் தாயிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னாள். ஆகவே ஒழுங்கை முழுவதற்கும் தெரியும்.

வீடு பார்க்க வரச்சொல்லி நேரம் கொடுத்தது காலை ஒன்பது மணிக்கு. ஆனால் அன்றைக்கென்று சம்மாந்துறையில் வெட்டு மெசின் பிந்தி வந்திருக்கிறது. அறுவடையை விட்டுவிட்டு வர முடியுமா? அவர்கள் வந்து இறங்கியது மதியம் லுஹர் தொழுகைக்கும் பிறகு.

கடற்காற்றும் அவர்களோடு சேர்ந்து வந்தது.

ஜன்னல்களை எல்லாம் சாத்தி, சாம்பிராணி போட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டிருந்தார் ஜெமீலா ராத்தா. என் மனைவி உதவிக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளையின் தாயார் அறை அறையாகப் பார்த்தாராம். சமையலறையில் நின்று பின்கதவைத் திறந்தாராம். பிறகு வந்து உட்கார்ந்து, தேத்தண்ணீரைக் கையில் எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தாராம்.

"தங்கச்சி, வீட்டுல ஒரு குறையும் இல்ல. புள்ளையிலயும் குறையில்ல. ஆனா என்ட மகன் காலம் முழுக்க இங்கதானே மூச்சு விடணும்."

கோபமாகச் சொல்லவில்லை. போகும்போது, "கலந்து கதைச்சிட்டுச் சொல்றம்" என்றார். அதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும்.

அன்று பின்னேரம் ஜெமீலா ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்து, குசினிக்குள் இருந்து அழுதார். "இருவது வருசமா அவர் பாலைவனத்துல கிடந்து கட்டின வீடுகா. ஊர்ர ஊத்தை வந்து வாசல்ல நிக்குது" என்று என் மனைவியிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அந்த ஊத்தையில் எங்கள் வீட்டுப் பங்கும் உண்டு. ராத்தா அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

இந்த நேரத்தில்தான் ஒரு அரசாங்கத் திட்டம் வந்தது. பெரிய வீதியில் கழிவுநீர்க் குழாய் போட்டு, ஊர் எல்லையில் சுத்திகரிக்கும் தாங்கி கட்டுகிறார்கள். பெரிய குழாய் அவர்கள் செலவு. ஒழுங்கைக்குள் வருகிற குழாய்க்கு வீட்டுக்கு ஒரு பங்கு நாங்கள் போட வேண்டும். மாரிக்கு முன்னர் பங்கைக் கட்டுகிற ஒழுங்கைக்கு முதலில் வேலை. கட்டாத ஒழுங்கை? பொறுத்திருக்க வேண்டியதுதான்... எத்தனை மாரி என்று அவர்களும் சொல்லவில்லை.

காசு சேர்க்கிற பொறுப்பை ஒழுங்கைக்காரர்கள் என் தலையில் கட்டினார்கள். பத்திரிகையில் எழுதுகிறவன், ஏமாற்றினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

பள்ளிவாசலுக்கு மினாரா கட்ட ஒரே ஜும்ஆவில் காசு சேர்த்த ஊர் இது. மின்விசிறியின் இறக்கையில்கூட அன்பளிப்புச் செய்தவரின் பெயர் இருக்கும். அப்படிப்பட்டவர்களிடம் மலசலகூடக் குழாய்க்குக் கேட்டேன். "பாப்பம் நானா", "மாசக் கடைசி கழியட்டும் நானா"... பெயரைக் குழாயில் எழுதி நிலத்துக்குள் புதைத்தால் யார் வாசிப்பது?

முதலாவது பங்கைக் கொண்டுவந்து தந்தவர் ஜெமீலா ராத்தாதான். இரண்டாவது என்னுடையது — இந்தப் பத்திக்குக் கிடைக்கும் சன்மானம். மூன்றாவது வரவேயில்லை.

ஒரு நாள் பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஹார்ட்வெயார் கடை நௌஷாத் வந்தான். ஒழுங்கையில் வசதியான ஆள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"நானா, வங்கியில சும்மா சேந்து கிடக்கிற வட்டிக் காச இதுக்குப் போடலாமா?"

"உன்னிட்ட வட்டிக் காசு இரிக்கா?"

"சீ... என்டதில்ல. மச்சான்ட."

விஷயம் உங்களுக்குப் புரியும். நாங்கள் கேட்காமலே வங்கி வட்டியைப் போட்டுவிடுகிறது. எங்கள் மார்க்கத்தில் அதை எடுத்துத் தின்னக் கூடாது. விட்டுவைக்கவும் மனம் இல்லை. நன்மையை எதிர்பாராமல் பொதுத் தேவைக்குக் கொடுத்துவிட வேண்டும் — அதில் முதலில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது மலசலகூடம். எங்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதானே? அல்லாஹ்வே வழி காட்டிவிட்டான் என்று நினைத்தேன்.

செய்தி பரவியது. ஒவ்வொருவராக வந்தார்கள், பின்கதவால். ஒருவருடையதும் அவருடையதல்ல. எல்லாம் மச்சானுடையது. எங்கள் ஒழுங்கையின் மச்சான்மார் இவ்வளவு வசதியானவர்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் காசு போட்டுவைத்த பால்மா டின் நிரம்பியது. ஜெமீலா ராத்தா தினமும் வந்து, "எவ்வளவு வந்திட்டு தம்பி?" என்று கேட்பார். அவர் முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

காசைக் கட்டப் போவதற்கு முதல் நாள், அஸர் தொழுதுவிட்டு எங்கள் பள்ளி மௌலவியிடம் பெருமையாகச் சொன்னேன். பொத்துவில் ஆள், வயதில் இளையவர், மெதுவாகக் கதைப்பார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நல்லம் நானா. இந்தக் குழாயில யாருட மலசலகூடம் சேருது?"

"எங்கடதான். வேற யாருட?"

"அப்ப அந்தக் காசு சுத்தி உங்கட வீட்டுக்கேதானே வருகுது. பொதுவா ஆக்கள் போற இடமெண்டாச் சரி. தன்ட வீட்டு வேலைய வட்டிக் காசுல செய்யேலாதே."

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் தோணாவின் வாடை பொத்துவிலுக்கு எங்கே தெரியும் என்று மனதுக்குள் திட்டினேன். வீட்டுக்கு நடந்து வரும்போதே தெரிந்துவிட்டது, அவர் சொன்னதுதான் சரி. ஒழுங்கை முழுவதும் வட்டியை விட்டு விலகுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அதை எங்கள் குளியலறைக்கே குழாய் போட்டுக் கொண்டுவரப் பார்த்திருக்கிறோம். இப்படியொரு பிழையை எங்களைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

வட்டிக் காசு கடற்கரைக்குப் போனது. கரைவலை இழுக்க வெளியூர்களில் இருந்து வருகிறவர்களுக்கு அவர்கள் தங்குகிற வாடிப் பக்கம் ஒரு மலசலகூடம் இல்லை. அதற்கு. டின்னில் மிஞ்சியது இரண்டு பங்கு.

ஜெமீலா ராத்தாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. முழுவதையும் கேட்டார். பிறகு, "மௌலவி சொன்னது சரி தம்பி. என்ட நசீபு இவ்வளவுதான்" என்றார். எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்குப் போன கையோடு சம்மாந்துறைக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். எதையும் மறைக்கவில்லை. மாப்பிள்ளையின் தாயாரிடம் தோணாவைச் சொல்லி, குழாயைச் சொல்லி, வட்டிக் காசைச் சொல்லி, கடைசியில் இப்படிச் சொன்னாராம்: "குழாய் இந்த மாரிக்கு வராது ராத்தா. மறுகா எப்ப வருமோ தெரியா. அண்டைக்கு உங்களக் காலையில வரச் சொன்னதும் காத்தப் பாத்துத்தான். நீங்க வேற இடம் பாக்கிறதெண்டா எனக்குக் கோவமில்ல."

இதைக் கேட்டு என் மனைவி தலையில் கைவைத்தாள். நானும்தான். கலியாணம் பேசுகிற இடத்தில் இப்படியா உண்மையைக் கொட்டுவது?

மூன்றாம் நாள் பின்னேரம், கடற்காற்று நன்றாக எழும்பியிருந்த நேரம், ஜெமீலா ராத்தாவின் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளையின் தாயார், தனியே. கூடவே புது அரிசி ஒரு பை. என் மனைவி அங்கேதான் இருந்தாள். என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள், காசு சேர்க்கிறவன் என்று.

அவர் இந்த முறை தேத்தண்ணீரைக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு ஒரு கடித உறையை என்னிடம் நீட்டினார்.

"வீட்டுக்கு ஒரு பங்கெண்டு தங்கச்சி சொன்னா. இது நெல்லு வித்த காசு. ஹலால்."

ஜெமீலா ராத்தா பதறிவிட்டார். "என்னத்துக்கு ராத்தா? இந்த வீட்டுப் பங்க நான் முதலே போட்டுட்டனே."

"அதத் திருப்பி வாங்குங்க" என்றார் அவர். "இந்த வீட்டுப் பங்க இனி என்ட மகன்தான் போடணும்."

ஜெமீலா ராத்தாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. என்னையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தார். என் மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் அழத் தொடங்கியதைப் பார்த்துத்தான் ராத்தாவுக்கு விளங்கியது. உள்ளறையில் வளையல் சத்தம் கேட்டது. ஷிபானாவுக்கும் விளங்கிவிட்டது.

"அண்டைக்கு வீட்டுல குறையில்லெண்டு சொன்னன்" என்றார் மாப்பிள்ளையின் தாயார். "வீட்டுக்காரியிலயும் குறையில்ல. தோணாவ எல்லாரும் சேந்து பாத்துக்குவம்."

அந்தச் செய்தி மஃரிபுக்கு முன்னர் ஒழுங்கையின் மற்ற அந்தத்துக்குப் போய்விட்டது. சம்மாந்துறையில் இருந்து ஒரு பெண் வந்து எங்கள் கழிவுக் குழாய்க்குக் காசு கொடுத்துவிட்டுப் போகிறார். நாங்கள்? அடுத்த நாள் நௌஷாத் முன்கதவால் வந்தான். காசை மேசையில் வைத்து, "இது என்டதான் நானா" என்றான். அந்தக் கிழமைக்குள் ஒரு வீடு மிஞ்சவில்லை. நௌஷாத் குழாய் மூட்டுகளையும் இலாபம் வைக்காமல் தந்தான்.

எங்கள் ஒழுங்கைக் குழாயால் மட்டும் தோணா தெளிந்துவிடாது. அது எனக்குத் தெரியும். இன்னும் எத்தனையோ ஒழுங்கைகள், எத்தனையோ வடிகான்கள். ஆனால் பக்கத்து ஒழுங்கைக்காரர்கள் வந்து விபரம் கேட்டுப் போயிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லத் துணிந்த மௌலவிக்கும், சேற்றுக்குள் இடுப்பளவு இறங்கி நின்ற வேலையாட்களுக்கும், சம்மாந்துறையில் இருந்து வந்த அந்தத் தாய்க்கும் நான் ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறேன். எங்கள் வாழ்நாளில் செய்யத் தவறியதை ஒருவர் வந்து தொடக்கி வைத்தால் வேறு என்ன செய்வது?

நிக்காஹ் மாரிக்குப் பிறகு. மாப்பிள்ளை இன்னும் எங்கள் ஒழுங்கைக்குக் குடி வரவில்லை... அவருடைய குழாய் வந்துவிட்டது.