மூன்று துண்டு உருளைக்கிழங்கும் ஒரு நாள் தண்ணீரும்

நீங்கள் எழுதியது பொய். அந்தமானில் வேளாண்மை அதிகாரியாக இருந்த காலத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியிருக்கிறீர்கள். குடியேறிய ஆட்களுக்கு நெல்லைத் தவிர எதற்கும் தண்ணீர் விடத் தெரியாதாம், உருளைக்கிழங்கை மூழ்கடித்துவிட்டார்களாம். மூழ்கியது எங்கள் வயல். நானும் அங்கேதான் இருந்தேன்.

அறுபதுகளில் உருளைக்கிழங்கு மெயின்லேண்டிலிருந்து கப்பலில்தான் வரும். மூட்டையைப் பிரித்தால் பாதி முளைவிட்டிருக்கும், மீதி நாறும். அதனால்தான் நெல் அறுத்ததும் உருளை, அதை எடுத்ததும் பாசிப்பயறு என்று நீங்கள் சொன்னபோது அப்பா உடனே ஒத்துக்கொண்டார். மூன்று துண்டு நிலத்தில் மூன்று விதமாகத் தண்ணீர் விட்டு, எது நல்லது என்று பார்க்கச் சொன்னீர்கள். விளைந்தால் வருஷா வருஷம் விதைக்கிழங்கு தருவதாகச் சொன்னீர்கள்.

அப்பா நெல்லுக்குப் போல வயலை நிறைத்தார். அம்மா மண்ணை நீள மேடாக அணைத்துப் பார் பிடித்து, பாருக்கு நடுவில் மட்டும் ஓடைத் தண்ணீரை விட்டாள். மூன்றாவது துண்டு பக்கத்து நிலத்து வங்காளி அக்காவுக்கு. தீதி என்றுதான் கூப்பிடுவோம். அடியில் ஓட்டை போட்ட மண்ணெண்ணெய் டின்னால் செடி செடியாக ஊற்றுவாள்.

"தாதா, உங்க ஆலு நீந்தக் கத்துக்கிச்சா?" என்று அப்பாவை அண்ணனாக்கி, உருளையை ஆலுவாக்கி இந்தியில் சீண்டுவாள்.

"நீ உன் டின்னைத் தூக்கிக்கிட்டு நட தீதி, இடுப்பு ஒடியட்டும்" என்பார் அப்பா.

அம்மா விடமாட்டாள். "அது மண்ணுக்குள்ள புள்ள பெக்குற செடி. மூச்சு முட்டாதா? வந்து என் பார்ல கைய விட்டுப் பாருங்க."

நானும் கையை விட்டிருக்கிறேன். மேலே வெயில் சுட, உள்ளே மண் குளுகுளுவென்று இருக்கும். விரலில் கோழிமுட்டை அளவு கிழங்கு தட்டுப்படும். பறிக்காமல் மறுபடி மூடிவிடுவோம். அப்பாவின் துண்டில் சுண்டைக்காய்தான். தோற்றதை ஒத்துக்கொண்டு, அடுத்த வருஷம் எல்லாத்துக்கும் பார்தான் என்று அவரே சொன்னார். அந்த மாதிரிக் காலை நேரம் எனக்கு அப்புறம் வாய்க்கவேயில்லை.

கிழங்கு முற்றியதும் தண்ணீரை நிறுத்தினோம். இலை பழுத்தது. அப்போதுதான் ஜீப்பில் வந்தீர்கள்.

"நாளைக்குப் பெரிய சாப் வர்றார். வயல் காய்ஞ்சு கிடக்கு. மூணு துண்டுக்கும் தண்ணி திறந்து விடு."

"எடுக்கப்போற கிழங்கு சார், அழுகிப்போகும்" என்றாள் அம்மா.

"சாப் மண்ணைத் தோண்டியா பார்ப்பார்? பச்சையா இருக்கணும்."

அதிகாரி வாய்விட்டுச் சொன்னால் மறுக்கத் தெரியாத தலைமுறை. அப்பா மடையை வெட்டினார். தீதி டின்னைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் உங்கள் மேலதிகாரி, அந்தப் பெரிய சாப் வந்தார், இளநீர் குடித்தார், போனார். அன்று ராத்திரி மழையும் சேர்ந்துகொண்டது. ஒரு வாரத்தில் மூன்று துண்டும் ஒரே நாற்றம். அம்மாவின் பாரில் கையை விட்டால் கூழ்தான் வந்தது. விதைக்கிழங்கு அதற்குப் பிறகு வரவேயில்லை.

அப்பா உங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "மம்பட்டி என் கையிலதானே இருந்துச்சு" என்பார். சாகும்வரை அதையேதான் சொன்னார். இப்போது நீங்களும் அதையே அச்சடித்துவிட்டீர்கள்.

அவருக்குத் தண்ணீர் விடத் தெரியும். எது நல்ல முறை என்று மூன்றே மாதத்தில் கண்டுபிடித்தோம், அதை நீங்கள் அழித்தீர்கள். அதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள்: அன்றைக்கு மடையைத் திறக்கச் சொன்னது யார்?