மிஷின் இல்லாத ஹால்

தெருவில் எல்லோரும் அவளை டேப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் அளவு டேப் தொங்காமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதிலேயே, ஹாலில் இருந்த ஒரே பெரிய ஜன்னலுக்குக் கீழே தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்தவள். தெருவில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை அந்த வெளிச்சத்தில் தைத்ததுதான். மகள் அந்த மிஷினுக்கு அடியில் தவழ்ந்து, வளர்ந்து, படித்து, கல்யாணமாகியும் போய்விட்டாள். துணி வாங்குவதும் அந்த ஜன்னல் வழியாகத்தான், ஊர்க்கதை கேட்பதும் அந்த ஜன்னல் வழியாகத்தான். பிடிக்காதவர்கள் வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

கணவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற ஆண்களுக்கு வீட்டைத் திருத்தும் ஆசை ஏன்தான் வருகிறதோ! அதுவரை டம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர், ஹாலை மாற்றியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பெரிய டிவி வேண்டுமாம். மூலையில் மடங்கும் சோபா வேண்டுமாம். சோபாக் கடைக்காரர்கள் ஹாலை கம்ப்யூட்டரில் படமாக்கி அவருடைய போனுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். ஜன்னலுக்குக் கீழே சோபா இருந்தது. வீட்டில் இல்லாத பூந்தொட்டிகூட இருந்தது.

"என் மிஷின் எங்கங்க?"

"அதை உள் ரூம்ல போட்டுக்கலாம். அங்க இடமா இல்ல?"

உள் ரூம் என்பது தண்ணீர் டிரம்மும் பழைய மெத்தைகளும் கிடக்கிற, ஜன்னலே இல்லாத அறை. கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பட்டப்பகலிலேயே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது. அந்த இருட்டுக்குப் போனால் தொழில் அதோடு போச்சு. இது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியாமல் இல்லை, யோசித்துப் பார்க்கத்தான் சோம்பல்.

"இந்த வயசுல தைச்சுத்தான் ஆகணுமாம்மா?" என்றார் கணவரின் அக்கா. தம்பி ஓய்வு பெற்றதிலிருந்து யோசனை சொல்வதற்கென்றே வந்துபோய்க்கொண்டிருந்தவர். "எவ்வளவு அழகாப் படம் போட்டு அனுப்பியிருக்கான் பாரு."

"படம்தானே அண்ணி? நானும் போடறேன்."

அக்காவும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்கள் சும்மா இருந்திருந்தால் அவளும் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு அடங்கியிருப்பாள். அந்தச் சிரிப்புதான் கிளப்பிவிட்டது.

துணி வெட்டுமுன் மாதிரி வெட்டிப் பார்க்கிற பழுப்புத் தாள் அவளிடம் சுருள் சுருளாக இருந்தது. அளவுகோலும் பென்சிலும் கையோடு பிறந்தவை. அறையை எப்படி வரைவது என்று போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் போட்டாள். முதல் படமே சொதப்பல். தரைக் கற்களை டேப் வைத்து அளந்து, எல்லாம் ஒரே அளவு என்பதால் எல்லாவற்றையும் ஒரே அளவாகவே போட்டுவிட்டாள். தரை படுக்காமல் சுவர்போல எழுந்து நின்றது.

வீடியோவில் சொன்னது வேறு. கண் மட்டத்துக்கு ஒரு கோடு, அதில் ஒரு புள்ளி. எதிரே நீண்டு போகிற கோடுகளெல்லாம் அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் ஓடவேண்டும். தூரத்துக் கல் சின்னதாகிவிடும். இருக்கிற அளவைக் குறைத்துப் போடச் சொன்னதில் அவளுக்குக் கோபமே வந்தது. "எட்டி இருந்தா சின்னதாயிடுமா? நல்ல நியாயம்!" என்று போனைத் திட்டினாள். திட்டிக்கொண்டே போட்டாள். நூல்கண்டுப் பெட்டி, ஸ்டூல், கட்டில், மறுபடியும் கட்டில்.

"இந்தக் கட்டில்ல படுத்தா நான் உருண்டு விழுந்துடுவேன்" என்றார் கணவர்.

"விழுங்க. சோபாவுல எழுந்து உக்காந்துக்கலாம்."

தாளில் கட்டில் ஒருவழியாக நாலு காலையும் ஊன்றி நின்றது. பிறகு ஹாலையே வரைந்தாள். நிற்கிற ஆளின் கண் மட்டத்தில் கோடு போடச் சொன்னது வீடியோ. அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த ஹாலை ஆயுசு பூராவும் உட்கார்ந்துதானே பார்த்திருக்கிறாள்? நின்று பார்க்கிறவர்கள் நின்றபடி வரைந்துகொள்ளட்டும். கோட்டை இறக்கி, மிஷினில் உட்கார்ந்த உயரத்தில் போட்டாள்.

எது எங்கே என்று பார்க்கத் தரைப்படம் ஒன்றும் போட்டு, சோபா, டிவி மேஜை, மிஷின் எல்லாவற்றையும் தாளில் வெட்டி நகர்த்திப் பார்த்தாள். எப்படி வைத்தாலும் இடித்தது. சோபா வைத்தால் கதவு திறக்கவில்லை.

அண்ணி எட்டிப் பார்த்தார். "பாத்தியா? உன் மிஷினுக்கு இடமில்லேன்னு உன் படமே சொல்லுதே!"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு முழுக்க அந்தத் துண்டுகளையே வெறித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஒரு பாவாடைக்கு வெட்டும்போதுதான் உறைத்தது. தைக்கிறவள் எதை வெட்டினாலும் ஓரத்தில் தையலுக்கு அரை அங்குலம் விட்டுத்தான் வெட்டுவாள். கை தன்பாட்டுக்கு அதைச் சோபாவுக்கும் விட்டிருக்கிறது! தாளில் அரை அங்குலம் என்றால் ஹாலில் அரையடி. "சோபாவை எவ தைக்கப்போறா?" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓரங்களை நறுக்கினாள். மிஷின் ஜன்னலடியில், சோபா உள்சுவர் மூலையில், டிவி பக்கச் சுவரில். கதவும் தாராளமாகத் திறந்தது.

சோபா வருவதற்கு முதல் நாள் இரண்டு படங்களைச் சுவரில் குத்தினாள். ஒன்று அவள் அமைத்த ஹால். மற்றது, உள் ரூமில் மிஷின் போட்டால் அதன்முன் உட்காருகிறவளுக்கு என்ன தெரியும் என்பது. வெறும் சுவர், டிரம்மின் வயிறு, அவ்வளவுதான். அது சுத்தமாக வந்திருந்தது. ஒரு கோடு பிசகவில்லை.

கணவர் இரண்டாவதை ஒருமுறை பார்த்துவிட்டு அவசரமாக முதல் படத்துக்கு வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நான் எங்க?"

"அதோ, சோபாவுல. உங்களுக்கு இடம் விட்டுத்தான் போட்டிருக்கேன். உங்க படத்துலதான் எனக்கு இடமில்ல."

"சோபா நாளைக்கு வருது. ஜன்னல் பக்கம்தான்" என்று மட்டும் முனகிவிட்டுப் போனார்.

காலையில் சோபாவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் உள்ளே வந்தபோது அவள் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். தரையில் உள்சுவர் மூலையையொட்டி, துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் சோபாவின் முழு உருவமும் வரைந்திருந்தது.

"எங்கம்மா வைக்கணும்?"

கத்தரிக்கோலால் கோட்டைக் காட்டினாள்.

"இல்லப்பா, ஜன்னல் பக்கம்!" கணவர் ஓடிவந்து மிஷினையொட்டி ஜன்னலை மறித்து நின்று இடத்தைக் காட்டினார்.

"தாராளமா வைக்கலாம். முதல்ல மிஷினைத் தூக்கணும். நான் எழுந்திருக்கமாட்டேன், என்னையும் சேர்த்துத் தூக்குங்க" என்று மிதியில் காலை வைத்து ஓட்ட ஆரம்பித்தாள்.

ஆட்கள் இரும்புச் சட்டத்தைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள். பாரம் கையை இழுத்தது. பேசாமல் போய்ச் சோபாவைச் சாக்பீஸ் கோட்டுக்குள் இறக்கினார்கள். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

கணவர் இன்னும் ஜன்னலடியிலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் ஊசியில் நூலைக் கோக்கப் போனவள், தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"கொஞ்சம் நகருங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

அவர் நகர்ந்தார்.