நிமிர்ந்து பார்த்த படம்

பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்கு வசனக்காரி என்றே பெயர். வாராவாரம் வரும் புகைப்படக் காதல் கதைக்கு வசனம் அவளுடையது. கதாநாயகன் அவள் புருஷன். படம்தான் முதலில் எடுப்பார்கள். வாய் அசைய வேண்டுமே என்று நாயகனும் நாயகியும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு நிற்பார்கள். பிறகு முகங்களுக்குப் பக்கத்தில் வெள்ளை வட்டம் போட்டு இவள் காதலை நிரப்புவாள்.

மற்ற நாளில் அவன் செருப்புக் கடை விற்பனையாளன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். இரவல் கோட்டு மாட்டி, யாருடைய காரிலோ சாய்த்து நிறுத்தினால் மட்டும் ராஜா மாதிரி இருப்பான். அந்தக் கடையில்தான் இவளும் அவனிடம் விழுந்தாள். காலைப் பிடித்துச் செருப்பு மாட்டிவிட்டவன் ஒரு தடவைகூடத் தலையை நிமிர்த்தவில்லை. எத்தனை பெண்கள் வந்தாலும் அப்படித்தான். இப்படிப்பட்ட மனுஷன் லேசில் கிடைப்பானா என்று வீட்டில் ஒற்றைக் காலில் நின்று அவனைக் கட்டிக்கொண்டாள்.

பதினோரு வருஷமாக அவன் வட்டங்களில் அவள் எழுதியதெல்லாம், அவன் தன்னிடம் சொல்ல மாட்டானா என்று ஏங்கியதுதான். அவன் ஒரு வரியும் படித்ததில்லை. கொடுத்து வைத்தவள் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் பொருமுவார்கள். இவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, படச்சுருள் மொத்தமும் ஒரே தாளில் அச்சாகி வந்தது. அதில் கதையில் சேராத படம் ஒன்று. நாயகியின் செருப்பு வார் அறுந்திருக்கிறது. அவன் படிக்கட்டில் மண்டியிட்டு அவள் பாதத்தைப் பிடித்திருக்கிறான். அது அவன் தொழில், அதில் தப்பில்லை. ஆனால் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வசனக்காரி அந்தப் படத்தையே கதையின் கடைசிக் காட்சியாக வைத்தாள். நாயகியின் வட்டத்தில், "என்மேல் நிஜமாகவே ஆசையா?" என்று எழுதினாள். அவன் வட்டத்தைக் காலியாக விட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் அவன் முன்னால் வைத்தாள்.

"இதுக்கு நீங்க என்ன பதில் சொல்வீங்க?"

அவன் வெகுநேரம் படத்தையே பார்த்தான். கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தான்.

"நான் என்னத்தைச் சொல்றது? எப்பவும் நீதானே எழுதுவே. நீயே எழுதிடு."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி. அவள் அடுக்களையில் நின்று அழுதாள். பிறகு வழக்கம்போல, தான் கேட்க விரும்பியதையே எழுதினாள்: "வார் அறுந்துபோச்சு, அதான் குனிஞ்சேன். வேற ஒண்ணுமில்லை."

ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். காதலன் பேசுகிற பேச்சா இது என்று கேட்டு அதை அடித்துவிட்டு, "நீ இல்லாமல் நான் இல்லை" என்று தானே எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வீட்டுக்கு வந்தது. மறுநாள் அவள் புரட்டியபோது அந்தப் படம் வந்த பக்கம் இல்லை. ஓரம் பிசிறில்லாமல் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவள் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு அடுத்த வாரக் கதைக்கு உட்கார்ந்தாள். அவன் வட்டத்தில் எழுத அவளுக்கு ஒன்றும் வரவில்லை.