பெறாமகளுக்குத் தலையாட்டினேன்

எங்கள் ஊர் வாசிகசாலையில் பின்னேரத்தில் நடக்கும் ஆங்கில வகுப்புக்கு என்னைப் போல வயதுபோனவர்கள்தான் போகிறோம். எல்லாருக்கும் வெளிநாட்டில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்கள் கதைப்பது விளங்கவேண்டும் என்ற ஆசை. நான் எட்டாம் வகுப்போடு தோட்டத்துக்குள் இறங்கியவன்.

ரீச்சர் சின்ன வயதுப் பிள்ளை. சொற்களைவிட, விளங்காமல் முழிக்கும் நேரத்தில் என்ன செய்வது என்பதைத்தான் கூடப் பழக்குவார். பதறக்கூடாது, மூச்சை இழுத்துவிட்டு, கையைக் காட்டி, மெல்லச் சொல்லும்படி கேட்கவேண்டும். விளங்காததற்குத் தலையாட்டவே கூடாது. அவர் கடகடவென்று ஆங்கிலத்தில் ஏதாவது கேட்பார். தலையாட்டியவர் எழும்பி நிற்கவேண்டும். முதல் கிழமை நான்தான் நின்றேன்.

"ஓணானும் அண்ணையிட்டைத்தான் பழகினது போலை" என்று பக்கத்துக் கதிரை அக்கா சொல்ல, வகுப்பே சிரித்தது. பிறகு திருந்தினேன். ரீச்சரே மெச்சினார்.

அந்த நாட்களில்தான் கனடாவிலிருந்து என் பெறாமகள், தம்பியின் மகள், வந்தாள். தம்பி அங்கே காலமாகி ஒரு வருடம் கழிய, தகப்பன் பிறந்த மண்ணைப் பார்க்கத் தனியாக வந்த பிள்ளை. 'பெரியப்பா' என்பதைத் தவிர அவளுக்குத் தமிழ் இல்லை. தம்பியும் நானும் பிறந்த வீடு இறுப்பிட்டியில் கூரையில்லாமல் கிடக்கிறது. அவளைக் கூட்டிப்போகவென்று முதல்நாளே வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையில் பற்றையெல்லாம் வெட்டி வைத்தேன்.

நயினாதீவு அம்மாளைக் கும்பிட்டு, படகில் குறிகட்டுவானுக்கு வந்து இறங்கி, வாடகை வான் ஒன்றில் வந்தோம். இறுப்பிட்டியை நெருங்கும்போது அவள் என் கையைப் பிடித்து ஏதோ கேட்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அந்த முகத்தைப் பார்த்து விளங்கவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினேன். திரும்பவும் கேட்டாள், திரும்பவும் ஆட்டினேன். பிறகு சாரதியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அவர் தமிழ் தெரியாத கொழும்பு ஆள். வான் ஒழுங்கையைத் தாண்டி நேரே போனது. தகப்பன் வீட்டைப் பார்க்கப் பிள்ளைக்கு மனம் ஏலாமல் இருக்கிறது என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். மறுநாள் அவள் பயணம்.

பிறகு தம்பியின் மனைவி ரெலிபோன் எடுத்தாள். "அத்தான், அந்த வீட்டைப் பாக்க உங்களுக்கு மனம் தாங்காதோ, விடுவமோ எண்டு பிள்ளை கேட்டவளாம். ரெண்டு தரமும் ஓம் எண்டீங்களாம். அதுதான் அவள் கரைச்சல் தரேல்லை."

ஒழுங்கை வெட்டி வைத்திருந்ததைச் சொன்னேன்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. இவ்வளவு பழகியும் ஏன் கேட்கவில்லை என்றார் ரீச்சர்.

"பிறத்தியாரிட்டை விளங்கேல்லை எண்டு சொல்லலாம், பிள்ளை. எங்கடை பிள்ளையிட்டை எப்பிடிச் சொல்லுறது?"

"அதை நான் பழக்கேல்லைத்தான், ஐயா."

அவரில் என்ன பிழை? பெறாமகளுக்கு இனி எப்போது லீவு கிடைக்குமோ தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் அம்மாளுக்கு விளக்கேற்றும்போது, அவளை ஒருக்கால் திரும்பக் கொண்டுவந்து விடு தாயே என்று கேட்கிறேன். வேறெதையும் கேட்க இப்போது வாய் வருவதில்லை.