இரண்டு விரல் துணி

போலீஸ்காரர்களுக்கு உடுப்பு தைப்பவளுக்கு அவர்களைப் பற்றி ஒரு ரகசியம் தெரியும். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷமே தொப்பை எட்டிப் பார்த்துவிடும். அதனால் காவல் நிலையத்துக்குப் பின்தெருவில் கடை வைத்திருந்த தையல்காரி, எல்லாருடைய தையலுக்குள்ளும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை மடித்து விட்டுவைப்பாள். பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம். "தைரியமா சாப்பிடுங்க சார், துணி இருக்கு" என்று கேலியும் செய்வாள்.

அவளுடைய தம்பியும் போலீஸ்தான். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினாறு. ஊட்டி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கினாள். பயிற்சியில் 'ஊதினா பறந்துடுவான்' என்று அவனைக் கிண்டல் செய்தார்களாம். ஜிம்முக்குப் போக ஆரம்பித்தான். ஏழு மாதத்தில் மூன்று முறை சட்டைக் கையைப் பிரித்துத் தைத்தாள். வயிறு அப்படியே இருக்க, கையும் கழுத்தும் மட்டும் ஊதிக்கொண்டே போகிறதே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. "என் கண்ணே பட்டுடும்போல இருக்குடா" என்று பூரித்துப்போனாள். முதுகெல்லாம் பரு வெடித்தது, வியர்வை என்றாள். தொட்டதற்கெல்லாம் சீறினான், வேலைப்பளு என்றாள். பாசம் அவள் கண்ணை மறைத்துவிட்டது.

ஒருநாள் காலை ஒரு பெண் மூன்று சட்டைகளோடு வந்தாள். வலது கையைத் தோள் வரைக்கும் பிரித்து, பிரஸ் பட்டன் வைத்துத் தர வேண்டும் என்றாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு மாவுக்கட்டு போட்டிருக்கு. சட்டைக்குள்ள கை நுழைய மாட்டேங்குது."

"விழுந்துட்டாரா?"

"ஸ்டேஷன்ல அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க. வேன் ஓட்டறாரு. தப்பான இடத்துல நிறுத்திட்டாரு, அது தப்புதான். 'பேப்பர் காட்டறேன் சார், ஒரு நிமிஷம்'னு சொல்றதுக்குள்ள ஒரு போலீஸ் கையை முறுக்கி உடைச்சிட்டான். பேரு தெரியாது. சட்டைக் கையில ஒரு பட்டை மட்டும் புதுத்துணி மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சாம். அதைத்தான் சொல்லிக்கிட்டே இருக்காரு."

தையல்காரிக்கு அது என்னவென்று தெரியும். வெளுக்காத அந்தப் பட்டை, உள்ளே மடிந்திருந்து அவள் பிரித்துவிட்ட துணி. கையைப் பிரித்துத் தைத்தது ஒரே ஒருவனுக்குத்தான். "நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானம் தம்பி அந்தப் பட்டை தெரியும் சட்டையோடு வந்தான். "அக்கா, மறுபடியும் கை பிடிக்குது."

"இனிமே பிரிக்கத் துணி இல்லடா. வேன்காரர் கையை உடைச்சது நீதானே? உடம்புல என்னத்தடா ஏத்திக்கற?"

முதலில் கத்தினான். ஸ்டூலை எட்டி உதைத்தான். அவள் நகரவில்லை. பிறகு அந்த ஸ்டூலையே நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தான்.

"உடம்பு ஏத்தற ஊசிக்கா. ஜிம்முல தர்றாங்க. எங்க ஆளுங்க நிறையப் பேரு போட்டுக்கறாங்க. அந்தாளு எதிர்த்துக்கூடப் பேசல. எனக்குத்தான் வெறி தலைக்கு ஏறிடுச்சு. எலும்பு உடையற சத்தம் கேட்டப்புறமும் கையை விடலக்கா."

அவன் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பாசமும் வந்தது. இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் அழுதாள்.

"உண்மையை எழுதிக் கொடுத்துடு."

"வேலை போயிடும்க்கா."

"போனா போகட்டும். எனக்கு நீயே இல்லாம போயிடுவே போலிருக்கேடா."

சாயங்காலமே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஊசியை விடச் சம்மதித்தான். எழுதிக் கொடுப்பதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

மறுநாள் வேன்காரர் மனைவி வந்தபோது தம்பி உள்ளே, திரைக்குப் பின்னால் இருந்தான். சட்டைகளைக் கொடுத்து அனுப்பியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. தையல்காரிக்கு மனசு வரவில்லை.

"உங்க வீட்டுக்காரர் கையை உடைச்சது என் தம்பி."

வந்தவள் சட்டைகளை வாரி எடுத்தாள். "நேத்தே சொல்லியிருந்தா வேற கடைக்குப் போயிருப்பேன்" என்றாள்.

தம்பி திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். பார்த்ததும் அவள் சட்டைகளை நெஞ்சோடு அணைத்தபடி சுவரோரம் ஒடுங்கினாள். தான் ஊட்டி வளர்த்த பிள்ளையைக் கண்டு ஒருத்தி இப்படி நடுங்குவாள் என்று தையல்காரி கனவிலும் நினைத்ததில்லை. அவனும் அந்த நடுக்கத்தைப் பார்த்தான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டான்.

"அவரு விழல, நான்தான் உடைச்சேன்னு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கறேங்க. நீங்க முன்னாடி போங்க. நான் தள்ளியே வர்றேன்."

வேன்காரர் மனைவி திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தாள். இருபதடி தள்ளி அவன். கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்து தையல்காரி அவனோடு சேர்ந்துகொண்டாள். நிலையத்து வாசல் வரைக்கும் அவன் கைகளை முன்னால் கொண்டுவரவே இல்லை.