பால் இல்லாத கடையில் ஒரு சமணன்

காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறினேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து 8.50க்குக் குன்னூர். சட்டைப்பையில் ஒற்றை வரி எழுதிய தாள்: ‘உலகின் முதல் வீகன்கள் தமிழ்ச் சமணர்களே.’

என்னோடு வங்கியில் பணியாற்றிய ஸ்டெல்லா, வேலையை விட்டுவிட்டு இங்கே வீகன் உணவகம் தொடங்குகிறார். இறைச்சி, முட்டை, தேன் மட்டுமல்ல, பாலும் கிடையாது. மறுநாள் திறப்பு. கடையின் வாசல் சுவரில் எழுத வரலாற்று வரி ஒன்று கேட்டிருந்தார். நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணன். கேட்ட அன்றே எழுதிவிட்டேன்.

9.15. கடைக்குள் அவருடைய அப்பா அருள்ராஜ், எஸ்டேட் ஃபேக்டரியில் ஓய்வு பெற்றவர், கேரட் சீவிக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் வெள்ளைக்காரன் கிறுக்குங்க. நாளைக்கு நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

“இதைச் சொல்லிச் சொல்லியே ரெண்டு கிலோ சீவிட்டாரு சார்,” என்றார் ஸ்டெல்லா. பிறகு தணிந்த குரலில், “அவருக்காகத்தான் அந்த வரி.”

தாளை எடுத்து மேசையில் விரித்தேன்; அப்பாவும் மகளும் படித்தார்கள். கறுப்புத் தேநீரும் (பட்டியலில் இருபது ரூபாய்) கேரட் பொரியலும் வந்தன. பொரியலை ஒதுக்கினேன். மண்ணுக்கடியில் விளைவதைப் பிடுங்கினால் சிற்றுயிர்கள் சாகும் என்பதால் எங்கள் வீட்டில் உண்பதில்லை.

“பாலுங்க?” என்றார் அருள்ராஜ்.

“பால் உண்டு. கன்னு குடிச்சது போகத்தான் கறப்போம்.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். “ஏனுங்க, எம்புள்ள பாலை விட்டுட்டா, நீங்க கேரட்டை விட்டுட்டீங்க. அப்புறம் நீங்க எப்படிங்க மொத ஆளு?”

வாசலில் ஏணியில் நின்ற பெயின்டர் சலீம் சிரித்துவிட்டார். நான் தாளைக் கிழித்தேன்.

“அப்போ நம்ம ஊர்ல எதுவுமே இல்லையா சார்?” ஸ்டெல்லாவின் முகம் வாடியது.

இருக்கிறது என்றேன். வீகன் என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் பிறந்தது. ஆனால் கொல்லாமையை நோன்பாகக் கொண்ட சமணத் துறவியரின் கற்படுக்கைகள் தமிழ்நாட்டுக் குகைகளில் ஈராயிரம் ஆண்டுகளாகக் கிடக்கின்றன.

“நாங்களும் தவக்காலத்துல நாப்பது நாள் கறி தொடமாட்டோமுங்க,” என்றார் அருள்ராஜ், விட்டுக்கொடுக்காமல்.

11.40. நான் மாற்றித் தந்த புதிய வரியைச் சலீம் எழுதினார்: ‘நம் உணவுக்காக இன்னோர் உயிர் ஏன் வருந்த வேண்டும்? தமிழ் மண்ணின் பழங்கேள்வி.’ முதலிடம் போனது, பெருமை போகவில்லை. முன்னதைவிட இதை நான் தலைநிமிர்ந்து படித்தேன்.

நான் ஏறிய 2.30 பேருந்து கடை இருந்த தெரு வழியே மெல்ல இறங்கியது. அருள்ராஜ் வழியில் போன இருவரை நிறுத்திச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“நம்ம ஊரு கேள்விங்க இது! நாளைக்கு வந்துருங்க. காலையில இருந்து நான் இங்கதான் இருப்பேன்.”